சத்தமில்லாமல் ஆறிய லாடம்

மேலப்பாளையத்திலிருந்து வந்த ஜெயினுலாப்தீன் தாராவியில் லாடம் அடிக்க உட்கார்ந்தால், டீக்கடையில் இருப்பவர்கள் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு வருவார்கள். பழுக்கக் காய்ந்த லாடத்தைக் குளம்பில் ஒற்றி அளவு பார்ப்பார். குப்பென்று புகை கிளம்பும். பிறகு குறட்டோடு அதைத் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீர் வாளியில் முக்குவார். 'சொய்ய்ய்' என்ற சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். அதற்குத்தான் அத்தனை கூட்டமும். துருத்தி ஊதும் மனைவி சபுராவுக்கு இந்த அலட்டலில் கொஞ்சம் சிரிப்பு, நிறையப் பெருமை.

பம்பாயில் டிராம் நின்றுபோன வருஷம், குதிரைவண்டிக்காரன் தளவாய் தன் குதிரையை இழுத்துக்கொண்டு வந்தான். சயானிலும் சுனாபட்டியிலும் லாடம் அடிக்க வந்தவர்களை உதைத்து விரட்டிய குதிரை அது.

"பாய், நீங்களும் கைய விரிச்சிட்டா இத வித்துட்டு நான் மூட்ட தூக்கப் போவ வேண்டியதுதான்," என்றான்.

சூட்டோடு குளம்பில் ஒற்றியபோது குதிரை அசையவே இல்லை. வாளியில் முக்கியதுதான் தாமதம், பின்னங்காலை வீசியது. வாளி உருண்டது. ஜெயினுலாப்தீன் மயிரிழையில் தப்பினார். வாளியை நிரப்பித் தள்ளிவைத்து, மறுபடியும் காய்ச்சி, ஒற்றி, முக்கினார். மறுபடியும் அதே உதை, வாளி மட்டும் தப்பியது. தளவாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

சபுரா துருத்தியை விட்டு எழுந்தாள். "ஏங்க, அது சூட்டுக்குப் பயப்படல, புகைக்கும் பயப்படல. நீங்க தண்ணில முக்குற சத்தத்துக்குத்தான் மிரளுது."

இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டோமே என்று அவளுக்குத் திக்கென்றது. அவர் முகம் கறுத்தது. குதிரையின் விடைத்த காதுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாளியைத் தூக்கிப்போய்த் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினார். அடுத்தமுறை காய்ச்சி ஒற்றிய லாடத்தை மணலில் போட்டுவிட்டு, அது தானாக ஆறும்வரை பக்கத்திலேயே குந்தினார்.

"என்ன பாய், வித்தை மறந்துபோச்சா?" என்று ஒருவன் கிண்டலடித்தான்.

"குதிரைக்குப் பிடிக்கல. விட்டுட்டேன்," என்றார்.

இரும்பு ஆறுவதை யார் வேடிக்கை பார்ப்பார்கள்? கூட்டம் டீக்கடைக்குத் திரும்பிவிட்டது. ஒவ்வொரு லாடமாக ஆறவிட்டு ஆணி அடித்தார். கடைசிக் காலை, அவர் கேட்பதற்கு முன்பே குதிரை தூக்கிக் கொடுத்தது. தளவாய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். வேடிக்கை பார்க்க ஒரு ஆள் இல்லாத அந்த நேரத்தில், இவர் என் புருஷன் என்று தாராவிக்கே கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது சபுராவுக்கு.