போத்தல் இல்லாத வைத்தியம்

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பதினேழு வயது. அந்த வருஷத்தின் பெரும்பகுதியைச் சுவரைப் பார்த்துப் படுத்தே கழித்தேன். ஏன் என்று கேட்டால் சொல்ல ஒரு காரணமும் இருக்கவில்லை. காதல் தோல்வியாவது இருந்திருந்தால் வீட்டுக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். பள்ளிவாசல் லெப்பை ஓதி ஊதிய தண்ணீர் குடித்தேன், கறுப்பு நூல் கட்டினேன். உம்மாவுக்குக் கவலை ஒன்றுதான்: "வாயத் தொறந்து சோறு கேக்கிறானில்லையே."

வாப்பா ஆஸ்பத்திரி அப்போதிக்கரியிடம் போனார். அந்நாளில் மருந்துத் தண்ணிக்குப் போத்தல் நாம்தான் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோன வெறும் போத்தலோடேயே திரும்பி வந்தார்.

"விடியக்காலையில கடற்கரையில ஓடட்டாம். தனிய விடவேணாமாம். நானும் ஓடோணுமாம்," என்றார், கடையில் ஏமாந்தவர் முகத்துடன்.

எங்கள் ஊரில் அப்போது யாரும் சும்மா ஓடுவதில்லை. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனால் ஓடுவார்கள், யாரும் செத்து மௌத்துச் செய்தி வந்தால் ஓடுவார்கள். சுபஹு தொழுதுவிட்டு நாங்கள் ஓடினோம். நான் முன்னால். புடவைக்கடைக்காரருக்குரிய தொந்தியோடு வாப்பா பின்னால், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, "நில்லுடா, நில்லுடா" என்றபடி.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கண்ட காட்சி இதுதான். கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னை மணலில் அமுக்கினார்கள்.

"புடிச்சிட்டம் முதலாளி! என்னத்த எடுத்தான்?"

வாப்பாவுக்கு மூச்சு வரவில்லை. கையை மட்டும் ஆட்டினார். அடிக்கச் சொல்கிறார் என்று நினைத்த ஒருவர் என் முதுகில் ஒன்று வைத்தார்.

"உடுங்கடா! வருத்தக்காரப் புள்ள! அப்போதிக்கரிதான் ஓடச் சொன்னவரு!"

"வருத்தம் அவனுக்கு. நீங்க ஏன் முதலாளி ஓடுறீங்க?"

வாப்பா யோசித்தார். "பத்தியம்," என்றார்.

வாய் நிறைய மணலோடு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சத்தத்தை வாப்பா கேட்டு எத்தனையோ மாதம். பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

கயிற்றை விட்டதால் வலை கடலுக்குள் பின்னுக்குப் போய்விட்டதாம். தண்டனையாக எங்கள் இருவரையும் இழுக்க வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "உம்மா, புட்டு இருக்கா?" என்றேன். உம்மா குசினிக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது அடுப்புப் புகையைத் திட்டியபடி கண்ணைத் துடைத்தார்.

குணமாகிவிட்டேன் என்றால் பொய். மறுநாள் விடியவும் சுவர்ப் பக்கம்தான் திரும்பினேன். வாசலில் வாப்பா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எழும்பு மகன். இண்டைக்கு நான் முன்னுக்கு ஓடுறன். என்னைப் புடிச்சி அடிச்சா, நீ வந்து பத்தியமெண்டு சொல்லோணும்."