பந்தல் கை

எனக்குப் படபடப்பு உண்டு. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பஸ்ஸில் பாதி வழியில் நினைத்துக்கொண்டு வியர்த்துப்போகிற ஜென்மம் நான். தேனி டாக்டர் மாத்திரையோடு, "மனசு நிக்கிற மாதிரி கைவேலை ஏதாச்சும் பழகுங்கம்மா" என்றார். போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு மையும் தூரிகையும் வாங்கினேன். நடக்கிறவர்களை, குனிகிறவர்களை, சுமக்கிறவர்களை வரைய வேண்டும். மூச்சை விடத் தொடங்கும்போது தூரிகை தாளில் பட வேண்டும், மூச்சு தீரும்போது எடுத்துவிட வேண்டும். கண் ஆளின் மேலேயே இருக்க வேண்டும். திருத்தவே கூடாது.

அனுமந்தன்பட்டிப் பக்கம் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். பந்தலுக்கு அடியில் கையைத் தூக்கிக் கொத்து வெட்டும் பெண்களை வரைந்தேன். முகம் கிடையாது, விரல் கிடையாது. ஒரு இழுப்பில் முதுகு, இன்னொன்றில் கை. "என்னக்கா, எங்களையெல்லாம் பல்லி மாதிரி போட்டு வச்சிருக்கீக" என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும், அந்த நேரத்துக்காவது என் நெஞ்சு அடங்கிக் கிடந்தது. வேலை முடிந்து என் வீட்டுக்காரர் வரப்பில் நடந்து வருவார். தினமும் கடைசிப் படம் அவர்தான்.

காயப்போட்டிருந்த தாள்களை ஒருநாள் என் ஓரகத்தி பார்த்தாள்.

"ஏக்கா, மச்சான் என்ன சோத்தாங்கையை உள்ள விட்டுச் சட்டையை மாட்டியிருக்காகளா?"

எட்டிப் பார்த்தேன். அவர் இருந்த எல்லாத் தாளிலும் இடது கை வீசியிருந்தது. வலது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. என் மாமனாருக்கும் இப்படித்தான் தொடங்கியது.

எங்கள் பக்கம் பந்தல் வேலை செய்கிற யாருக்குத் தோள் பிடித்தாலும் அதற்குப் பந்தல் கை என்று பெயர். நாளெல்லாம் தூக்கியே இருக்கிற கை பிடிக்காமல் என்ன செய்யும்? எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவார்கள், அவ்வளவுதான் வைத்தியம். மாமனாருக்கும் தேய்த்தோம், தேய்த்தோம், தேய்த்துக்கொண்டே இருந்தோம். கால் இழுத்து, சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் ஆன பிறகுதான் அது நரம்பு வியாதி என்று தெரிந்தது. முன்னமே வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் சத்தம்போட்டார்.

சாயங்காலம் இவரிடம் தாள்களை நீட்டினேன். "மாமாவுக்கு வந்த மாதிரியே இருக்கே" என்றேன்.

"இது பந்தல் கை. எண்ணெயை எடு" என்றார். "எதைப் பார்த்தாலும் பயப்படுறதே உனக்குப் பொழப்பாப் போச்சு."

அதுவும் உண்மைதானே என்று எண்ணெயை எடுத்தேன். மறுநாள் வரைந்தபோது வலது கை வீசியிருந்தது. அதற்கு மறுநாளும் வீசியது. படத்துக்குப் படம் நன்றாகவே வீசியது. ஓரகத்தியைக் கூப்பிட்டு, "பாருடி, உன் வாயில மண்ணு" என்று காட்டினேன். அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

போன மாதம் ஒருநாள் காலையில் மோட்டார் அறைக்குப் பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தேன். வியாபாரியின் வண்டி ஹாரன் அடித்தது. இவர் பந்தலுக்குள்ளிருந்து வெளியே வந்தார். நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. வலது கை அசையவே இல்லை. முழங்கையில் லேசாக மடங்கி, யாரோ கட்டிவிட்டதுபோல விலாவில் ஒட்டியிருந்தது. வலது செருப்பு மண்ணைத் தேய்த்துக்கொண்டே வந்தது. அப்படியே என் மாமனார்.

கையிலிருந்த துணி நழுவித் தண்ணீரில் விழுந்தது. சத்தம் கேட்டுத் திரும்பினார். என்னைக் கண்டார். கண்டதும் அந்தக் கை வீசத் தொடங்கியது.

ஐயோ, அந்த வீச்சு! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டிரில்லில் வீசுவார்களே, அப்படி. இத்தனை நாளும் நான் மூச்சை விட்டு விட்டு வரைந்தது இதைத்தான். பயப்படவே பிறந்தவள் நான். ஆனால் அதுவரை பட்ட பயமெல்லாம் பயமே இல்லை.

கிட்டே போய் அந்தக் கையைப் பிடித்தேன். கோழிக்குஞ்சைப் பிடித்ததுபோல உள்ளுக்குள் துடித்தது.

"எப்ப இருந்து?"

"நீ வரைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே" என்றார். "அப்பாவுக்கு வந்ததுதான்னு தெரியும். உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ தாங்குவியா?"

அடப்பாவி மனுசா என்றேன். வியாபாரியைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தேனிக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அந்தக் கையை என் மடியில் வைத்திருந்தேன்.

நரம்பு டாக்டர் கதவைத் திறந்து வைத்து, "அந்த வராந்தாக் கடைசி வரைக்கும் போயிட்டு சாதாரணமா நடந்து வாங்க" என்றார்.

இவர் எழுந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வலது கையை வீசி நடக்க ஆரம்பித்தார்.

அவர் அப்படியே வீசிக்கொண்டு போய்விட்டால் நன்றாக இருக்குமே என்று ஒரு நொடி நினைத்தேன்.

"வீசாதீக" என்றேன். "நான் பயப்பட மாட்டேன். சும்மா நடங்க."

பொய்தான். கை நின்றது. விலாவோடு ஒட்டிக்கொண்டது. செருப்பு தரையைத் தேய்க்க அந்த நீள வராந்தாவில் அவர் போய்த் திரும்பி என்னைப் பார்த்து நடந்து வந்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.