கழன்ற கொம்போடு ஆராவிலிருந்து லங்னாவுக்கு

வேட்டையில் சுட்ட ஆபிரிக்க மானின் தலையை சுவிஸ் ரயிலில் கொண்டுபோவது எப்படி என்று தேடிப் பார்த்தேன். தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். போர்வைக்குள் தொலைபேசி வெளிச்சத்தைக் குறைத்து வைத்து எழுதுவதால் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த அறையில் அம்மா படுத்திருக்கிறார்.

அம்மா ஆராவில் ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவரின் வீட்டைத் துப்புரவு செய்கிறார். விடுமுறையில் நானும் கூடப் போவேன். அங்கே மாடிப்படிச் சுவரில் பாடம் செய்த ஒரு ஸ்பிரிங்பொக் தலை இருக்கிறது. வெட்டவெளியில் காற்றைப் போல ஓடும் மான் அது. அதை நமீபியாவில் மூன்று நாள் தவழ்ந்து திரிந்து சுட்டதாக வைத்தியர் ஒவ்வொரு முறையும் சொல்வார். கொம்பு முப்பத்தெட்டு சென்ரிமீற்றர் என்பதையும் விடமாட்டார். அம்மாவுக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழி, அவ்வளவாக வராது. நான்தான் மொழிபெயர்ப்பேன்.

"பாவம், அது தன்ரை பாட்டில புல்லுத் திண்டுகொண்டு நிண்டிருக்கும்" என்பார் அம்மா.

"மிகவும் அழகாக இருக்கிறதாம்" என்று நான் டொச்சில் சொல்வேன்.

வைத்தியர் இப்போது மறுபடியும் நமீபியாவில் வேட்டைக்கு நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறார். வியாழக்கிழமை நான் அந்தத் தலையில் தூசி துடைத்தபோது இடது கொம்பு கையோடு வந்துவிட்டது. அம்மா மேல்மாடியில் இருந்ததால் பார்க்கவில்லை. கொம்பைத் திரும்பச் செருகினேன். நின்றது, ஆனால் ஆடியது. அம்மாவின் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம் இது. இருக்கிற வேலைகளில் பெரியது இந்த வீடுதான். இது போனால் அனுமதியும் சிக்கலாகிவிடலாம். தலையைப் பொருத்திய பலகையின் பின்பக்கம், பாடம் செய்த கடையின் முகவரி ஒட்டியிருந்தது. லங்னாவுக்கு அப்பால் ஒரு கிராமம்.

வெள்ளிக்கிழமை அம்மா உணவகச் சமையலறை வேலைக்கு நடந்து போன பிறகு, வைத்தியர் வீட்டுச் சாவி இருந்த அவருடைய சாவிக்கொத்தை எடுத்துப் போய், தலையைச் சுவரிலிருந்து இறக்கிக்கொண்டு புறப்பட்டேன். தலை ஐந்து கிலோ அரிசிப் பை அளவுக்குப் பாரம். படுக்கை விரிப்பில் சுற்றி, மூக்கு கீழே இருக்கும்படி பெரிய பையில் வையுங்கள். வெளியே நீட்டும் கொம்புக்குக் குளிர்த்தொப்பி போடுங்கள். ஆராவிலிருந்து பேர்ணுக்கு நாற்பது நிமிடம், அங்கே மாறி லங்னாவுக்கு இன்னும் நாற்பது. அரைக் கட்டண அட்டையோடு ஒரு வழிக்கு இருபத்துமூன்று பிராங்க் அளவில் வரும்.

பேர்ணில் ஏறிய தமிழ் அன்ரி ஒருவர் நேரே என் முன்னால் வந்து இருந்தார்.

"நீர் ஆரின்ரை பிள்ளை?"

"ஆராவ், அன்ரி."

"ஊரைக் கேக்கேல்லை, ஆளைக் கேட்டனான்." அந்த நேரம் பார்த்துத் தொப்பி கழன்றது. "ஐயோ, இதென்ன கொம்பு!"

"பள்ளிக்கூட நாடகத்துக்கு, அன்ரி. மான் வேசம்."

"மானுக்கு ஏத்த ஆளைத்தான் பிடிச்சிருக்கினம். எலும்பும் தோலும். வீட்டில சாப்பாடு தாறேல்லையோ?"

தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து பொரித்த மீன் ரோல்ஸ் ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார். அம்மாவின் பெயரைக் கேட்பதற்குள் கொனொல்பிங்கன் வந்தது, அவர் இறங்கிவிட்டார். நான் தொப்பியை மறுபடி இழுத்து மாட்டினேன்.

லங்னாவிலிருந்து பஸ்ஸில் பன்னிரண்டு நிமிடம். கடைக்காரர் தாடி வைத்த பெரிய மனிதர். "நான் இதை உடைத்துவிட்டேன்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் வலது கொம்பைப் பிடித்துத் திருகினார். அதுவும் கழன்றது. நான் கத்திவிட்டேன்.

"பயப்படாதே" என்று சிரித்தார். "இது உறை மாதிரி. உள்ளே எலும்பு இருக்கிறது, பார். பாடம் செய்யும்போது கழற்றித் துப்புரவாக்கிப் பசை போட்டுத்தான் மாட்டுவோம். இதை எங்கே தொங்கவிட்டிருக்கிறார்கள், ஹீட்டருக்கு மேலேயா?"

ஆமாம் என்றேன்.

"அதுதான். சூட்டில் பசை காய்ந்துவிட்டது. இப்போது ஒட்டித் தருகிறேன். ஆனால் அதே இடத்தில் தொங்கினால் அடுத்த குளிர்காலத்தில் மறுபடி கழலும். வீட்டுக்காரரிடம் இடம் மாற்றச் சொல்."

ஒட்டிய பிறகு அளந்து பார்க்கச் சொன்னேன். முப்பத்தெட்டுத்தான்.

அம்மா வருவதற்கு முன் தலை சுவரில் இருந்தது, சாவிக்கொத்து எடுத்த இடத்தில் இருந்தது. ஒருவருக்கும் தெரியாது. இதோடு விட்டுவிடலாம் என்று வரும்வழியெல்லாம் நினைத்தேன். ஆனால் அடுத்த குளிர்காலத்தில் துணியோடு அதன் கீழே நிற்கப்போவது அம்மா. கொம்பு அவருடைய கையில் கழன்றால், அது உறைதான், பசைதான் என்று அவரால் டொச்சில் சொல்ல முடியாது.

அதனால், உங்கள் வீட்டிலோ வேலை செய்யும் வீட்டிலோ இப்படி ஒரு தலை இருந்தால் ஹீட்டருக்கு மேலே தொங்கவிடாதீர்கள். கழன்றால் உடைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ரயிலில் தமிழ் ஆட்களைக் கண்டால் தொப்பியை இறுக்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வைத்தியர் வேட்டைப் படங்களைக் காட்ட எங்களை வரச் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் முதலே சொன்னால் "வாயைப் பொத்து" என்பார். ஆகவே அங்கேதான் சொல்லப்போகிறேன். சாவி எடுத்தது, தலையைக் கொண்டுபோனது, ஹீட்டர், எல்லாம். முதலில் அவருக்கு டொச்சில். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பித் தமிழில். இந்த முறை இரண்டு மொழியிலும் ஒன்றையேதான் சொல்வேன்.