வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணிவிடக்கூடியவர்கள்தான். அவர்களுக்கென்று தனி அறைகூடக் கிடையாது. ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்திருந்தார்கள். அங்கே எப்போதும் ஒட்டிக்கொண்டே உட்காரும் இரண்டு பெண்களை எல்லோரும் நெட்டை, சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். நெட்டை வாயைத் திறக்கமாட்டாள். சுருட்டை மூடமாட்டாள்.

பாடமாக வைத்திருந்த நாடகத்தில் ஒரு மனைவி வருவாள். கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. அவனுடைய மேல்கோட்டை அவள் தினமும் சாயங்காலம் ஜன்னலோரம் மாட்டிவைப்பாள். ஏன் மாட்டுகிறாள் என்று டீச்சர் கேட்டதும் அன்பு, ஏக்கம், காத்திருப்பு என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். டீச்சருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கைடில் இருப்பதை ஒப்பிக்காதீர்கள், சொந்தமாக ஏதாவது தோன்றினால் கட்டுரையாக எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

நெட்டைக்குப் பதில் தெரியும். பேருந்து நிறுத்தத்தில், தோழிதானே என்று சுருட்டையிடம் சொல்லிவிட்டாள்.

அப்பா விட்டுவிட்டுப் போன பிறகுதான் அம்மாவும் அவளும் இந்தக் குடியிருப்புக்கு வந்தார்கள். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கும் அம்மா, வரும்போது அவருடைய பழைய பூட்ஸை மறக்காமல் எடுத்து வந்தாள். ஆசையினால் இல்லை. வாரம் தவறாமல் பாலிஷ் போட்டு வாசலில் வைப்பாள். காலையில் ஒரு பக்கம் பார்த்தாற்போல, மாலையில் வேறு பக்கம். கதவைத் தட்டுகிறவர்களிடம், "அவருக்கு நைட் ஷிஃப்ட், தூங்குறாரு, மெதுவா பேசுங்க" என்பாள். மாடிப்படியில் உட்கார்ந்து வம்பளக்கும் ஆட்கள்கூட அந்த வாசலைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்துவார்கள். நாடகத்தில் வரும் கோட்டும் அப்படித்தான், உள்ளே ஆம்பளை இருக்கிறான் என்று தெருவுக்குக் காட்டத்தான் என்றாள் நெட்டை. யாரிடமும் மூச்சு விட்டுவிடாதே என்று சுருட்டையின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் டீச்சர் ஒரு கட்டுரையை வகுப்பில் வாசித்தார். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு வாசலில் என்று அது தொடங்கியது. பூட்ஸ், பாலிஷ், நைட் ஷிஃப்ட், மருந்துக்கடை, ஒன்று விடவில்லை. இதுதான் சொந்தமாகப் படிப்பது என்று டீச்சர் சுருட்டையைத் தட்டிக்கொடுத்தார். அது என் பதில் என்று சொல்ல நெட்டைக்கு வாய்வரை வந்தது. சொன்னால் வீடு எதுவென்று தானே காட்டிக்கொடுத்தாற்போல ஆகும். அதற்கும் அவசியம் இருக்கவில்லை. நெட்டையின் வீட்டுக்குக் கீழ்வீட்டில் குடியிருக்கும் பையன் முன் பெஞ்சிலிருந்து திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் நெட்டை சுருட்டையை மடக்கினாள்.

"உன் பேரச் சொன்னேனாடி? எங்கயாவது உன் பேரு இருக்கா?" என்றாள் சுருட்டை. பிறகு கொஞ்சம் இறங்கி வந்தாள். "நீ எப்படியும் எழுதப்போறதில்ல. வீணாத்தானே போயிருக்கும்."

இரண்டொரு நாளில், சாயங்காலம், மாடிப்படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "என்ன சார், இன்னும் எழுந்திருக்கலையா?" என்றது ஒரு குரல். பூட்ஸ் ஒன்று படிப்படியாக உருண்டு கீழே போனது.

அம்மா கதவைத் திறக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். நெட்டை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சுருட்டை என் கழுத்தை அறுத்துவிட்டாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அவ ஊருக்குச் சொன்னது இருக்கட்டும்," என்றாள் அம்மா. "அவகிட்ட யாரு சொன்னது?"

"பாடத்துக்காகத்தான்மா..."

"எவ்வளவு மார்க் போட்டாங்க?"

"இருபத்தஞ்சுக்கு இருபத்திரண்டு."

"பரவால்லையே. உங்கப்பனுக்கு இதுவரைக்கும் யாரும் அவ்வளவு போட்டதில்ல."

அம்மா சிரிக்கவில்லை. சாப்பாட்டு மேசையின் ஒரு முனையைப் பிடித்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்க இழுக்கத் தொடங்கினாள். நெட்டை மறுமுனையைப் பிடிக்கப் போனாள்.

"நீ விடு," என்றாள் அம்மா.