சுண்ணாம்பில் சிவந்த மஞ்சள் சட்டை

நேற்று ஜொகூர் பாருவில் ஒரு பந்தாட்டம் பார்த்தேன். இரண்டு அணிகளும் நீலச் சட்டையில் வந்து நின்றன. ரெஃபரி கையைக் காட்டியதும் வெளியூர் அணி மூட்டையைப் பிரித்து வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டது. ஒரு முணுமுணுப்புகூட இல்லை! எனக்குத்தான் ஆட்டத்தில் மனம் நிற்கவில்லை. பக்கத்தில் யாரோ வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்கள். அந்த வாடை என்னை லாபிஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அங்கே நான் கணக்கெழுதுகிற சின்னக் கிராணி. பந்தாட்ட விதிப்புத்தகம் எனக்கு மனப்பாடம். பந்துதான் நான் சொன்னபடி கேட்காது. எங்கள் அணிக்கு எப்போதும் மஞ்சள் நிறம். மாரியம்மன் திருவிழாவுக்கு அரைக்கிற மஞ்சளில் ஒரு பங்கு எங்கள் சட்டைகளுக்கும் உண்டு. அந்த வருஷம் கேப்டன் முனியாண்டி அண்ணனின் மகள் காய்ச்சலில் கிடந்து பிழைத்தாள். கடைசி ஆட்டத்தை அம்மன் மஞ்சளோடுதான் முடிப்பேன், நடுவில் கழற்ற மாட்டேன் என்று அண்ணன் நேர்ந்துகொண்டார்.

கடைசி ஆட்டம் சிகாமட் பக்கத்துத் தோட்டத்தில். போய் இறங்கினால் அவர்களும் மஞ்சள்! கடையில் வாங்கிய, பளபளக்கிற மஞ்சள்.

"என்னடா, சட்டைய சாம்பார்ல முக்கி எடுத்தீங்களா?" என்றான் அவர்களில் ஒருவன்.

"இது அம்மன் மஞ்சள்லா! ஒங்களுது கடை மஞ்சள்," என்றேன்.

ரெஃபரி அந்தத் தோட்டத்து உதவி மேனேஜரான சின்னதுரை, ஆஸ்திரேலியாக்காரர். "வந்த டீம் மாத்தணும்," என்றார்.

"எங்க கலர்தான் பழசு, தொரை," என்றேன்.

அவர் சிரித்தார். "எங்க ஊர்லயும் இதே சண்டை. பழைய கலர் யாரும் விடாது. அங்க பந்து மட்டும் முட்டை மாதிரி."

முட்டை மாதிரிப் பந்தா? அது எப்படி உருளும்? யார் தலையில் வந்து விழும்? சண்டையை மறந்து கேள்விமேல் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். முனியாண்டி அண்ணன் என் விலாவில் இடித்தார்.

"தம்பி, முட்டைய அப்புறம் பாக்கலாம். கழட்டினா என் நேர்த்தி போச்சு. நான் போறேன், நீங்க ஆடுங்க."

அவர் இல்லாமல் நாங்கள் ஆடுவதும் ஒன்று, ஆடாததும் ஒன்று.

அப்போதுதான் அவர் மனைவி அஞ்சலையக்கா கையில் ரப்பர்ப் பால் எடுக்கிற வாளியோடு வந்தார். "ஆலத்தி கரைச்சதே இல்லையா நீங்கல்லாம்? மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா என்ன ஆகும்?" பார்க்க வந்திருந்த பெண்களின் சுருக்குப்பைகளெல்லாம் திறந்தன. எல்லார் சுண்ணாம்பும் வாளித் தண்ணீரில் கரைந்தது. எங்கள் சட்டைகள் முங்கி எழுந்தபோது குங்குமச் சிவப்பு! அண்ணன் கழற்ற மாட்டாரே. அவர் மேல் அப்படியே ஊற்றினார்கள்.

"அய்யோ, எரியுதுடி!"

"எரியட்டும். மஞ்சளும் அம்மன்தான், செவப்பும் அவதான். போய் ஆடுங்க."

துரை எங்களைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு விசிலை ஊதினார்.

எரிச்சல் தாங்காமல் ஓடினோமோ என்னவோ, அப்படியொரு ஓட்டம் நாங்கள் அதற்குமுன் ஓடியதில்லை. அணிக்கு ஒரு கோல். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. வியர்வையும் மழையுமாகச் சுண்ணாம்பு கரைந்து போவதை நான் கவனிக்கவில்லை. முன்னால் ஒரு மஞ்சள் சட்டை தெரிந்தது. வருஷக்கணக்கான பழக்கம் சும்மா இருக்குமா? பந்தை அழகாக அதன் காலடிக்குத் தள்ளினேன். என் ஆட்ட வாழ்க்கையிலேயே அப்படிக் கச்சிதமாக நான் தள்ளியது அந்த ஒரு தடவைதான். அவன் எதிரணிக்காரன். கோல்!

குனிந்து பார்த்தேன். நானும் மஞ்சள். எல்லாரும் மஞ்சள். தானாக நிறம் மாறும் சட்டைக்கு விதிப்புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. துரையும் பையிலிருந்த புத்தகத்தை மழையிலேயே புரட்டிப் பார்த்தார். தோற்றுப்போனோம்.

அண்ணன் என்னை அடிப்பார் என்று ஒதுங்கி நின்றேன். அவரோ தன் நெஞ்சைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "மஞ்சளோடயே முடிச்சிட்டேன், பாத்தியா தம்பி? ஆனாலும் ஒனக்குக் கண்ணு எங்கடா போச்சு?"

பிறகு ரப்பர் விலை விழுந்தது. ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அண்ணன் குடும்பமும் போனது. எங்கள் திடலில் இப்போது ரப்பர் கன்றுகள் நிற்கின்றன. என் சட்டை இன்னும் பெட்டியில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை, வெறும் வெளுப்பு. இனி அது எந்த அணியின் நிறத்தோடும் மோதாது. அந்த நிறத்தைப் போட்டுக்கொண்டு இறங்கத்தான் பதினொரு பேர் இல்லை.