முழுகாமல் இருப்பது

தருமபுரத்து வீட்டு மொட்டைமாடியில் உப்புக்காற்று ஈரமாக அலைந்துகொண்டிருந்தது. துணி எடுக்கப் போன என்னைப் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் மறித்தாள்.

"டீச்சர் ஒரு பாடத்தை மட்டும் தாண்டிட்டாங்கம்மா. வீட்டுல படிச்சுக்குங்கன்னுட்டாங்க. புள்ள எப்படி உண்டாவுதுன்னு நீ சொல்லு."

'காலம் வந்தா தானா தெரியும்' என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் அம்மா எனக்குச் சொன்ன பதில். தானாக எதுவும் தெரியவில்லை எனக்கு.

பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு, பதினேழு வயதில் குரும்பகரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள் நான். கண் திறந்தபடியே தூங்குகிற மாதிரி, வயல்களின் பச்சைக்குள் மிதந்த மாதங்கள். ஒரு காலையில் குமட்டியது. மாமியார் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். நர்ஸ் கேட்டார்: "எத்தன நாளா முழுகாம இருக்கே?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "தினமும் முழுகுறேன் சிஸ்டர். இன்னக்கிகூட வாய்க்கால்ல முழுகிட்டுத்தான் வந்தேன்."

வரிசையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "அப்ப புள்ள நீச்சலோட பொறக்கும்டி!" என்றாள் ஒருத்தி. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சிரிப்பு தண்ணீர்போல என் தலைக்குமேல் மூடியது. வயிற்றில் ஓர் உயிர் இருப்பதை அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

கொடியில் கிடந்த புடவை எங்கள் நடுவே உப்பி அடங்கியது. இன்று மழுப்பினால், இவளும் யாரோ சிரித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணனுக்கு நீச்சலே தெரியாதேம்மா!" சட்டென்று நிறுத்தினாள். "அப்பவே ஒனக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தா, அண்ணன் பொறந்திருக்க மாட்டானா?"

அவன் முதன்முதலாக என் விரலைப் பற்றிய சூடு மறுபடி வந்துபோனது.

"கொஞ்சம் பொறுத்துப் பொறந்திருப்பான். நான் பரீட்சை எழுதி முடிச்சப்புறம்."

"சரி, பாடத்துக்கு வா. அது இதுன்னு சுத்தி வளைக்காம, பேரோட சொல்லு."

சொல்லத் தொடங்கினேன். மாதவிலக்கு. கருப்பை. விந்து. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் படிப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். சொன்னபின் கடல் பக்கத்துக் காற்று அதை ஒன்றுமே நடக்காததுபோல் வாங்கிக்கொண்டது. கருத்தடை என்ற இடத்துக்கு வந்தபோது, கீழ்வீட்டு அம்மா படியேறும் சத்தம். என் குரல் தானாகத் தாழ்ந்தது.

"ஏம்மா குசுகுசுங்குறே? காதுல விழல."

படியில் கொலுசுச் சத்தம் நெருங்கி நின்றது. சத்தமாகவே சொன்னேன்.