பப்பாசிப்பாலும் இரண்டு நிமிடமும்

காயைக் கீறும்போது குகதாசன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். ஒருமுறை பப்பாசிப்பால் கண்ணில் தெறித்து, ஒரு கிழமை கறுப்புக் கண்ணாடியோடு திரிந்தவர். முற்றிய பச்சைக் காயில் மூங்கில் சிம்பால் மேலிருந்து கீழாக மூன்று கோடுகள். நாலாவது கோடு இழுக்க மாட்டார். மரத்தின் இடுப்பில் பொலித்தீன் தாளைப் பாவாடை மாதிரிக் கட்டியிருப்பார். வெள்ளைப்பால் சொட்டுச் சொட்டாக அதில் விழும். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். அதனால் ஓமந்தைச் சந்தியில் முதல் பஸ்ஸின் ஹோர்ன் கேட்குமுன் இருபது மரங்களை முடித்துவிடுவார். கத்தியைத் தொடுவதேயில்லை. “இரும்பு பட்டாப் பால் கறுத்துப்போம்” என்பார்.

கீறல் விழுந்த காய்கள் பழுத்தாலும் வியாபாரி எடுக்க மாட்டான். அவற்றை வீட்டில் தின்று தீர்ப்பார்கள். பாலை நிழலில் உலர்த்தி, இடித்து, மாவாக்கி, ஜாம் போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் வைப்பார். அந்த மாவுக்குள் இருக்கும் நொதியத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘அது’. “அதுக்குச் சூடு ஆகாது.” “அதை முதலே தண்ணியில கரைச்சு வைக்கக் கூடாது, களைச்சுப்போம்.” உள்ளறையில் படுத்திருக்கும் நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

இத்தனையும் ஒரு தலைக்காக. மனைவி ஜெகதீஸ்வரிக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் தலைமயிர். யுத்தத்தின் கடைசி மாதங்களில் தோளுக்குள் போன செல் குண்டுத் துண்டை எடுத்த பிறகு, அவருடைய வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை. பராமரிக்கக் கஷ்டம், வெட்டிவிடு என்று சொந்தக்காரர் எல்லோரும் சொன்னார்கள். “கையைக் குடுத்தது காணாதோ? இதையும் குடுக்கோணுமோ?” என்று கேட்டார் ஜெகதீஸ்வரி. அன்று தொடக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குத் தலை முழுகவார்ப்பது குகதாசனின் பொறுப்பாயிற்று.

அவர்களுடைய கிணறு சுண்ணாம்புத் தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். வெறும் ஷாம்பு போட்டால் மயிர் தேங்காய்த் தும்புபோலச் சிக்கிக்கொள்ளும். கடைக் கண்டிஷனர் போட்டால் மூன்று நாள் பட்டு. நாலாம் நாள் பிடரியெல்லாம் கடி, சொறிந்து சொறிந்து பிறகு புண். டாக்டர் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்தினால் சீப்பு இறங்காது. ஜெகதீஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டு இருப்பார்.

அந்த நாள்களில்தான் குகதாசன் பப்பாசிச் செய்கையாளருக்கான பயிற்சி ஒன்றுக்குப் போனார். பாலில் உள்ள நொதியம் இறைச்சியை மெதுவாக்கும் என்று ஓர் இளம் பெண் உத்தியோகத்தர் விளக்கினார். கண்டிஷனருக்குப் பதிலாக ஷாம்புவில் நொதியங்களைச் சேர்த்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று போகிறபோக்கில் சொன்னார். மற்றவர்கள் பசளையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க, குகதாசன் எழுந்து நின்றார்.

“மிஸ், இறைச்சியைக் கரைக்கிறது தலைமயிரையும் கரைக்காதோ?”

“கரைக்கும் ஐயா. கொஞ்சமாப் போட்டுக் கெதியாக் கழுவினா, மயிரில எழும்பி நிக்கிற செதிலையும் ஒட்டின அழுக்கையும் மட்டும் எடுக்கும். கனநேரம் விட்டா மயிரையே தின்னும்.”

அந்த ‘கனநேரம்’ எவ்வளவு என்று கண்டுபிடிக்க அவருக்கு எட்டு மாதம் எடுத்தது. சீப்பில் கழன்ற மயிரைச் சேர்த்து, சின்னச் சின்னக் கற்றைகளாக நூலால் கட்டி, பப்பாசிப்பால் மா கலந்த தண்ணீரில் ஊறவைத்து, பழைய கலண்டர் மட்டையில் ஒட்டி நிமிடங்களை எழுதினார். அரைமணி நேரம் ஊறிய கற்றை நனைந்த கடதாசிபோலப் பிய்ந்தது. பிறகு தன் தலையில் பார்த்தார். முன்பாதியில் மயிர் இல்லாததால் பின்பாதியில் பார்த்தார். கடைசியில் ஒரு கணக்குக்கு வந்தார்: ஒரு மூடி ஷாம்புவுக்கு ஒரு சிட்டிகை மா, அப்போதே கலந்து அப்போதே பூசி, இரண்டு நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். முதன்முறை ஜெகதீஸ்வரியின் தலையில் சீப்பு தடக்காமல் நுனிவரை இறங்கியபோது, நம்பாமல் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

இரண்டு வருடத்துக்கு முன், தைப்பொங்கலுக்கு முதல்நாள் அந்தக் கணக்குப் பிழைத்தது. பூசி முடித்த நேரம் போன் அடித்தது. பழம் ஏற்ற வந்த லொறி வாசல் படலையடியில் சேற்றில் புதைந்துவிட்டதாம். “இப்ப வாறன்” என்று ஓடினவர், சில்லுக்குக் கல் வைத்துத் தள்ளிவிட்டுத் திரும்பக் கால்மணி நேரம் ஆகிவிட்டது. இடது கையால் எட்டிய மட்டும் தண்ணீர் வார்த்துக்கொண்டு, கண்ணை மூடியபடி இருந்தார் ஜெகதீஸ்வரி. பிடரிப் பக்கம் தண்ணீர் போகவில்லை. தோல் சிவந்திருந்தது.

“லொறி வெளிக்கிட்டிட்டுதோ?” என்றுதான் கேட்டார்.

அடுத்த கிழமை பிடரியில் ஒரு பிடி மயிர் முறிந்து சீப்போடு வந்தது. குகதாசன் ஜாம் போத்தலை எடுத்துக்கொண்டுபோய் எருக்கிடங்கில் கொட்டினார். மறுபடி வெறும் ஷாம்பு, மறுபடி தும்பு. ஆறு மாதம் அந்த மயிரைச் சிக்கெடுத்துச் சிக்கெடுத்து இழுத்தார்.

ஒரு விடியற்காலை தோட்டத்துக்குப் போனபோது, தாழ்வான காயொன்றில் மூன்று கோணல் கோடுகள் தெரிந்தன. பக்கத்தில் ஜெகதீஸ்வரி, இடது கையில் மூங்கில் சிம்போடு நின்றார். பால் சட்டையெல்லாம் சிந்தியிருந்தது.

“நீங்கள் விட்டிட்டியள். நான் விடேல்லை” என்றார். “ஆனா இனி என்ர சொல்லுப்படி. போனை உள்ளுக்கு வச்சிட்டு வாங்கோ. மாவைப் பாதியாக்குங்கோ. எண்ணுறது நான்.”

குகதாசன் சிம்பை வாங்கிக்கொண்டார். அப்போதிலிருந்து கிணற்றடியில் எண்ணிக்கை கேட்கிறது. ஜெகதீஸ்வரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒன்றிலிருந்து நூற்றிருபது வரை உரத்து எண்ணுவார். குகதாசன் இடையில் ஏதும் கதைத்தால் குரலை இன்னும் உயர்த்துவார். முறிந்த இடத்தில் வளர்ந்தது இப்போது தோளைத் தொடுகிறது.

சபூறா செட்டிகுளத்தில் பெண்களுக்கு அழகு நிலையம் வைத்திருக்கிறார். பழம் வாங்க வந்தவர், ஜெகதீஸ்வரியின் பின்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டு விடவில்லை.

“அண்ணன், எனக்கும் கலந்து போத்தல்ல போட்டுத் தாங்களேன்.”

“போத்தலுக்கு எண்ணத் தெரியாது, தங்கச்சி.”

சபூறாவின் முகம் வாடியது. ஜெகதீஸ்வரிதான் குறுக்கிட்டார்: “மாவைக் குடுங்கோ. நான் போய்ப் பழக்கிறன்.”

குகதாசன் மனைவியை மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனார். ஆண்களுக்குத் திரைச்சீலைக்கு அப்பால் அனுமதியில்லை. வாசலில் கிடந்த மர வாங்கில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார் குகதாசன். உள்ளே மனைவியின் குரல் எண்ணத் தொடங்கியது. முப்பதில் சபூறாவின் குரலும் சேர்ந்தது. எண்பதில் தலையைக் கொடுத்திருந்த பெண்ணும் சிரித்துக்கொண்டே சேர்ந்தாள். வெளியே குகதாசனின் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. நூற்றிருபதோடு தண்ணீர் விழும் சத்தம் கேட்டபிறகுதான் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார்.

போன ஞாயிறு முழுகிவிட்டு, ஜெகதீஸ்வரி முற்றத்துக் கதிரையில் வெயிலுக்கு முதுகு காட்டி இருந்தார். ஈரத் தலைமயிரைக் குகதாசன் கதிரையின் பின்பக்கம் வெயிலில் காயப் பரத்திவிட்டிருந்தார். தேத்தண்ணி குடித்தபடி, கனடாவிலிருக்கும் தங்கையின் கதை சொல்லிக்கொண்டிருந்தார் ஜெகதீஸ்வரி. வெயில் சாயச் சாய, அருகில் நின்ற பப்பாசியின் இலையொன்று அந்தத் தலைமயிரின் மேல் விரிந்த கைபோல நிழல் விழுத்தியது. குகதாசன் கதையைக் குழப்பாமல் எழுந்துபோய், அந்த இலையைக் காம்போடு ஒடித்துக் கீழே போட்டுவிட்டு வந்து இருந்தார்.